கறியைத் தொடாத பையன்

திருகோணமலையில் மருத்துவ வார்டில் நான் வேலை பார்த்த காலத்தில், கடலட்டைக்குச் சுழியோடும் ஒரு பையன் வீங்கிய இடது காலோடு வந்தான். வயது 28. ஸ்கான் செய்து பார்த்தால் தொடை நாளத்தில் இரத்தக்கட்டி. இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் ஊசி, பிறகு அதே வேலை செய்யும் வார்ஃபரின் குளிசை என்று வழமையான வைத்தியம் கொடுத்து அனுப்பினோம். இந்த வயதில் ஏன் கட்டி வந்தது என்று குடைந்திருக்க வேண்டும். நாள் முழுக்கக் கடலில் கிடக்கிறான், தண்ணீர் குடிப்பதில்லை என்று காரணத்தையும் நாங்களே சொல்லிக்கொண்டோம்.

மூன்று கிழமையில் திரும்பி வந்தான். கையில் சுருட்டிய சாரம், அதன் ஒரு மூலை முழுக்கச் சிவப்பு. இருமினால் இரத்தம். எங்கள் பக்கத்தில் இருமலில் இரத்தம் என்றால் முதல் நினைப்பு கசநோய்தான். மூன்று சளி மாதிரி அனுப்பினோம், ஒன்றிலும் கிருமி இல்லை. வார்ஃபரின் கூடிவிட்டதோ என்று இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பார்த்தால் 2.4, இருக்கவேண்டிய அளவுதான். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் வேரை ஒட்டி உருண்டையாக ஒரு நிழல். நெறிக்கட்டியாக இருக்கலாம், ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்ப்போமா என்று ரவுண்டில் கேட்டது நான்தான். இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

அன்று மத்தியானம் எங்கள் மூத்த தாதி, நாங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடுபவர், அவனுடைய சாப்பாட்டுத் தட்டைப் பார்த்திருக்கிறார்.

“தம்பி, மீன்கறியை ஏன் தொடேல்ல?”

“வாய் எரியுது மிஸ்ஸி. அடிக்கடி புண் வரும். பழகிப்போச்சு.”

அவர் அதோடு விடவில்லை. திரையை இழுத்துவிட்டு, வேறெங்கும் வருமா என்று மெதுவாகக் கேட்டார். எங்களிடம் சொல்லாததைத் தாய் வயதுக்காரியிடம் தலை குனிந்தபடி சொன்னான். விதைப்பையில் இரண்டு பழைய வடுக்கள்.

பெசெட் நோய். துருக்கியின் தோல் மருத்துவர் ஹுலுசி பெசெட் 1937இல் விவரித்தது. வாயிலும் பிறப்புறுப்பிலும் புண் வரும், இரத்தக்குழாய்ச் சுவரே அழன்றுபோகிற நோய். காலில் கட்டி, நுரையீரல் நாடியில் பலூன்போல வீக்கம், இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். சாய மருந்து நுரையீரல் நாடிக்குள் போகும் நேரம் பார்த்து எடுத்த சிடி ஸ்கானில், நான் ஊசி விடச் சொன்ன அந்த உருண்டை பளிச்சென்று வெள்ளையாக நிரம்பியது; உள்ளே இருந்தது சதையல்ல, ஓடும் இரத்தம். இடது பக்கம் இன்னொன்று, சின்னது.

வார்ஃபரினை நிறுத்தினோம். தாய் விடவில்லை. “கட்டிக்குத் தந்த குளிசையை ஏன் நிப்பாட்டுறியள் டொக்டர்? கட்டி நெஞ்சுக்கு ஏறிடாதோ?” முதல் நாள்வரை எனக்கும் அதே பயம்தான். இந்த நோயில் கட்டி அழன்ற சுவரோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும், அவ்வளவு சுலபத்தில் கழன்று ஓடாது என்று சொன்னேன். முகம் தெளியவில்லை. அப்புறம் சைக்கிள் டயரைச் சொன்னேன். மற்ற நாடிகளில் அழுத்தம் 120 என்றால் நுரையீரல் நாடியில் 25தான். காற்று குறைவு, ஆனால் டயர் உக்கிவிட்டது, அதனால் பொம்முகிறது. டயரைத்தான் பார்க்க வேண்டும். அது அவருக்குப் பிடிபட்டது.

கொழும்பில் நெஞ்சறைச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் தொலைபேசியில் கேட்டோம். அழற்சி அடங்காமல் வெட்டித் தைத்தால் தையல் போட்ட இடமே திரும்பப் பொம்மும் என்றார். சரி, அழற்சியை அடக்கும் மருந்துதான். மெதில்பிரெட்னிசொலோன் நாளுக்கு ஒரு கிராம், மூன்று நாள். பிறகு பிரெட்னிசொலோன் குளிசையும் மாதம் ஒருமுறை சைக்ளோபொஸ்பமைட்டும். முதல் இரண்டு இரவும் அவனை வலப்பக்கம் சரித்தே படுக்க வைத்தோம்; திடீரென்று பீறிட்டால் இரத்தம் நல்ல நுரையீரலுக்குள் இறங்கக் கூடாது. அவன் தூக்கத்தில் புரளும்போதெல்லாம் மிஸ்ஸி எழுந்து போய்த் திருப்பிவிட்டார்.

ஆறு மாதம் கழித்து எடுத்த ஸ்கானில் இடது பக்கத்தது இல்லை. வலது பக்கத்தது பாதிக்கும் கீழே சுருங்கி, உள்ளே இரத்தக்கட்டி அடைத்துக் கிடந்தது. சுழியோடுவதை நிறுத்தச் சொன்னதுதான் அவனுக்குப் பெரிய துக்கம். அண்ணனுடைய வள்ளத்தில் இப்போது எஞ்சின் பிடிக்கிறான். கிளினிக்குக்கு வந்தால் உட்காரும் முன்பே, கேட்காமலே, வாயைத் திறந்து காட்டுகிறான்.