அழைப்பு மணியில் அப்பா பெயர்

பெர்லினில் நான் குடியேறிய முதல் வாரமே அப்பாவின் பெயர் வாசலில் ஏறிவிட்டது. இங்கே அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. அழைப்பு மணிப் பலகையில் குடும்பப் பெயர்தான். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் அப்பா பெயர் இருந்தது, அதையே ஒட்டினார்கள். வங்கிக் கடிதத்தில்கூட நான் திருமதி அப்பாதான்.

2022 கோடை முழுக்க ஒருத்தி என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் அந்தப் பெயரைத்தான் அழுத்தினாள்.

முதலில் வேலையாகத்தான் வந்தாள். என் அறை ஜன்னல் மூடாது. மே மாதக் கடைசியில் வீட்டு நிர்வாகம் தச்சரை அனுப்புகிறோம் என்றது. பெரியவர் யாராவது வருவார் என்று பார்த்தால், இருபத்திமூன்று வயதுப் பெண், கையில் இழைப்புளி. நாலு இழுப்பு இழுத்தாள். மரச்சீவல் சுருள் சுருளாக என் நோட்டுப் புத்தகத்தில் விழுந்தது. ஜன்னல் மூடிக்கொண்டது. ஒரு சீவலை எடுத்துக் காட்டி, "இதில் வாசனை இருக்கிறது பாருங்கள்" என்றாள். அதுதான் அவள் என்னைப் 'பாருங்கள்' என்று சொன்ன கடைசித் தடவை. ஜெர்மனில் 'ஸீ' என்றால் நீங்கள், 'டூ' என்றால் நீ. அடுத்த வாரமே நாங்கள் டூ.

ஜூன், ஜூலை, ஆகஸ்ட். அந்த மூன்று மாதமும் அரசு 9 யூரோ டிக்கெட் விட்டிருந்தது. மாதம் ஒன்பது யூரோ கொடுத்தால் நாடு முழுக்க உள்ளூர் ரயில், பேருந்து எதில் வேண்டுமானாலும் ஏறலாம், தொலைதூர விரைவு ரயில் மட்டும் கூடாது. எனக்கு இது தெய்வம் கொடுத்த மாதிரி. விசாவுக்காக வங்கியில் முடக்கி வைத்த என் சொந்தப் பணத்திலிருந்தே அப்போது மாதம் 861 யூரோதான் எடுக்க முடிந்தது. அதில் வாடகை போக என்ன மிஞ்சும்?

சனிக்கிழமை ரயில்களில் கழிப்பறைக் கதவோரம், யாரோ ஒருவர் சைக்கிள் முதுகில் குத்த, ஒட்டி நின்றே போவோம். அவ்வளவு கூட்டத்தில் எங்களை யாரும் கவனிக்கவில்லை என்பதை நம்ப எனக்கு நாலு பயணம் தேவைப்பட்டது. வார்னமுண்டே கடற்கரையில் என் கையைப் பிடித்தபோது நான் அனிச்சையாகத் திரும்பிப் பார்த்தேன். "யாரைத் தேடுகிறாய்?" என்றாள். சொந்தக்காரர்களை என்றேன். சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

வார நாட்களில் ஷ்லாஹ்டன்ஸே ஏரி. ஒன்பதரைக்குத்தான் சூரியன் மறையும். எனக்கு நீச்சல் தெரியாது. முதுகுக்கடியில் உள்ளங்கையை வைத்து மிதக்கவிட்டாள். கையை எடுத்துவிட்டாள் என்று தெரியாமலே வெகுநேரம் மிதந்தேன். தெரிந்ததும் மூழ்கினேன். தண்ணீரைக் குடித்து, இருமி, அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அப்படித்தான் முதல் முத்தம். ஏரித் தண்ணீர்ச் சுவை, அழகெல்லாம் ஒன்றுமில்லை.

எங்கள் பக்கம் ஆசாரி என்றால் பிறப்பு என்று ஒருநாள் சொன்னேன். அவளுக்குப் பிடிபடவே இல்லை. அவள் மூன்று வருடம் பட்டறையில் பயின்று பரீட்சை எழுதித் தச்சர் ஆனவள். "அப்படியென்றால் நீ பிறக்கும்போது என்னவாக இருந்தாய்?" என்றாள். பதில் சொல்ல ஒரு மணி நேரம் ஆனது. அதில் பாதி நேரம் எனக்கே வெட்கமாக இருந்தது.

அம்மா வீடியோவில் வரும்போது அவள் பக்கத்தில் இருந்தால் ஃப்ரெண்டு. அம்மா தமிழிலேயே கேட்பார், "சாப்பிட்டியா கண்ணு?" அவளும் தலையாட்டுவாள். அந்த ஒரு கேள்வியை அவள் கற்றுக்கொண்டுவிட்டாள். ஒருபால் உறவைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவு 377-ஐ உச்ச நீதிமன்றம் 2018-இல் திருத்தி வாசித்தது, சரி. எங்கள் வீட்டு ஹாலுக்கு அந்தத் தீர்ப்பு இன்னும் வந்து சேரவில்லை.

ஆகஸ்டில் சொன்னாள், 'வால்ட்ஸ்' போகிறேன் என்று. நடனம் என்று நினைத்தேன். கைத்தொழில் முடித்தவர்கள் ஊர் ஊராக வேலை தேடிப் போகும் பழைய வழக்கமாம். மூன்று வருடம், ஒரு நாள். சொந்த ஊருக்கு 50 கிலோமீட்டருக்குள் வரக் கூடாது. பயணத்துக்குக் காசு கொடுக்கக் கூடாது, கைபேசி கூடாது. முப்பது வயதுக்குள் இருக்க வேண்டும், கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது, கடன் இருக்கக் கூடாது.

"நானும் வருகிறேன்" என்று வாய்வரை வந்தது. கடன் என்ற இடத்தில் நின்றுவிட்டது. அப்பா கையெழுத்துப் போட்ட கல்விக் கடன்.

வழியனுப்ப ஊக்கர்மார்க் பக்கம் அவள் கிராமத்துக்குப் போனேன். செப்டம்பர், முழு டிக்கெட். அவள் பாட்டி என்னை ஸீ போட்டுத்தான் பேசினார், மரியாதையாக, தூரமாக. ஊர்ப் பெயர்ப் பலகை மஞ்சள் நிறம். கறுப்பு கார்டுராய் கால்சட்டை, தொப்பி, கையில் முறுக்குத் தடி, துணியில் கட்டிய மூட்டை. அந்தப் பலகையின் மேல் ஏறி அந்தப் பக்கம் குதிக்க வேண்டும், பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது. ஏறுவதற்கு முன் என் காதில், "சாப்பிட்டியா கண்ணு?" என்றாள். குதித்தாள். நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை, விதியென்றால் விதிதான், இந்த ஊரில்.

வளைவு தாண்டி மறைந்த பிறகும் நான் அங்கேயே நின்றேன். மற்றவர்கள் போய்விட்டார்கள். பாட்டி மட்டும் வந்து என் கையைப் பிடித்து, "வா, நீ ஏதாவது சாப்பிடணும்" என்றார்.

டூ போட்டு.