18-ஆம் நாள் முட்டைகள்

முட்டையை விளக்கில் பார்க்கும் அறை எப்போதும் இருட்டாகவே இருக்கும். பல்லடம் பக்கத்தில் ஒரு குஞ்சு பொரிப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் முதல் வாரம் முழுவதும் என்னை அந்த அறையில்தான் உட்கார வைத்தார்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்த சூடு ஆறாத காலம் அது. எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் பல ஆண்டுகளாக அதே ஸ்டூலில் உட்கார்ந்து பழகிய ஓர் அக்கா. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். இரண்டு மூன்று முட்டைகளை விரலிடுக்கில் பிடித்து வெளிச்சத்தின் முன் ஒரு சுழற்றுச் சுழற்றுவார். "இது கூமுட்டை சார். இது மூன்று நாளில் நின்றுபோனது. இது நல்லது." நான் ஒவ்வொன்றாக உடைத்துச் சரிபார்ப்பேன். அவர் சொன்னது தப்பியதாக நினைவே இல்லை.

நின்றுபோனது என்ற சொல்லை அன்றுதான் முதலில் கவனித்தேன். செத்தது என்று அவர் சொல்லமாட்டார். ஓடிக்கொண்டிருந்த ஒன்று நின்றுவிட்டது, அவ்வளவுதான். பிறகு நான் படித்த எந்தப் பாடநூல் வரையறையையும்விட அந்தச் சொல் எனக்கு உதவியாக இருந்திருக்கிறது.

இந்தத் தொழிலில் இருக்கிறேன் என்று தெரிந்தால் எந்த விசேஷ வீட்டிலும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: முட்டையில் உயிர் இருக்கிறதா, இல்லையா? கடையில் வாங்கும் முட்டையைப் பற்றிக் கேட்டால் பதில் எளிது. நாமக்கல் பண்ணைகளில் கூண்டில் இருக்கும் முட்டைக்கோழி சேவலைக் கண்ணால்கூடப் பார்த்திருக்காது. அது இடும் முட்டையை எத்தனை நாள் அடைவைத்தாலும் குஞ்சு வராது. ஆனால் சேவலோடு திரியும் நாட்டுக்கோழியின் முட்டை, பொரிப்பகத்துக்கு வரும் முட்டை, வீட்டில் வளர்க்கும் பறவையின் முட்டை என்று வந்துவிட்டால் பதில் அவ்வளவு சுலபம் இல்லை.

நம் மொழியிலேயே இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மஞ்சளையும் கரு என்கிறோம், வெள்ளையையும் கரு என்கிறோம், வயிற்றில் வளரும் பிள்ளையையும் கரு என்கிறோம். அதனால் மஞ்சள் கருதான் குஞ்சாக மாறுகிறது என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். உண்மையில் அது கட்டுச்சோறு. குஞ்சு உருவாவது அந்த மஞ்சளின் மேல் மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலத்தில் இருக்கும் ஒரு வெண்புள்ளியிலிருந்து. கரு கூடாத முட்டையில் அந்தப் புள்ளி சிறியதாக, ஓரம் சிதைந்து தெரியும். கூடிய முட்டையில் சின்ன வளையம்போல வட்டமாக இருக்கும். ஒருமுறை பார்த்துப் பழகிவிட்டால் பிறகு அடையாளம் தவறாது.

அந்த வளையம் சும்மா இல்லை. கோழியின் உடலுக்குள் மஞ்சள் கரு முட்டைக்குழாயில் விழுந்த கால் மணி நேரத்தில் விந்தணு சேர்ந்துவிடுகிறது. அதன்பின் வெள்ளைக்கரு சுற்றி, சவ்வு போர்த்தி, சுமார் 20 மணி நேரம் ஓடு கட்டி, ஏறக்குறைய ஒரு நாள் கழித்துத்தான் முட்டை வெளியே வருகிறது. தாயின் உடல் சூட்டில் அதற்குள் அந்த ஒற்றைச் செல் பிரிந்து பிரிந்து ஐம்பது அறுபதாயிரம் செல்களாகிவிடுகிறது. ஆகவே, கூடையில் நாம் எடுக்கும் முட்டையில் வளர்ச்சி இனிமேல்தான் தொடங்கப்போகிறது என்பது சரியல்ல. தொடங்கி, ஓடி, இட்ட பிறகு ஆறிப்போய் நின்று காத்திருக்கிறது. சுமார் 20, 21 டிகிரிக்குக் கீழே அது அசையாது. அதனால்தான் பொரிப்பகத்தின் முட்டை அறையை 16 முதல் 18 டிகிரியில் வைப்போம். ஒரு வாரம் வரை பெரிய சேதம் இல்லாமல் காத்திருக்கும். மே மாதத்தில் வண்டி வழியில் பழுதாகி வெயிலில் நின்றுவிட்டால் உள்ளே அரைகுறையாக வளர்ச்சி தொடங்கிவிடும். பிறகு குளிர் அறைக்குப் போனதும் நின்றுபோகும். அக்கா சொன்ன "நின்றுபோனது"களில் ஒரு பங்கு அப்படி வந்தவைதான்.

37.5 டிகிரிக்கு மேல் ஒரு சிறிது கூட்டி வைத்து அடைகாத்தால் ஒன்றரை நாளில் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. மூன்றாம் நாள் முட்டையின் ஓட்டில் சின்னதாக ஒரு ஜன்னல் வெட்டிப் பார்த்தால் அந்தத் துடிப்பு வெறும் கண்ணுக்கே தெரியும். சிவப்புப் புள்ளி ஒன்று குதிக்கும். இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அரிஸ்டாட்டில் அடைமுட்டைகளை நாள் வரிசையில் உடைத்துப் பார்த்து இதே புள்ளியைத்தான் எழுதிவைத்தார். கல்லூரிக் கூடத்தில் நான் அதை முதலில் பார்த்தபோது வகுப்பில் பேச்சு நின்றுவிட்டது. ஆசிரியர்கூட எதுவும் சொல்லவில்லை. இதயம் இருக்கிறது, ஆனால் வலியை அறிய மூளை என்று சொல்லத்தக்க எதுவும் இன்னும் இல்லை. உயிர் இருக்கிறதா என்ற கேள்வியும் அதற்கு வலிக்குமா என்ற கேள்வியும் வேறு வேறு என்பது அந்த மேசையில்தான் எனக்குப் புரிந்தது. புரிந்ததை வேலையில் பயன்படுத்தத் தெரியாமல் போனது பெரும் பிழை. அதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

2006 பிப்ரவரி. மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்டது. இந்தியாவில் அதுவே முதல் முறை. எங்கள் பக்கம் ஒரு கோழிக்கும் நோய் இல்லை. ஆனால் கறிக்கடைகள் வெறிச்சோடின. விலை சரிந்தது. பண்ணைக்காரர்கள் குஞ்சு இறக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் இயந்திரங்களில் எல்லா வயதிலும் முட்டைகள் ஓடிக்கொண்டிருந்தன. வாரம் இரண்டு முறை புது முட்டை ஏற்றுவோம். செட்டர் என்னும் ஒரே அடைகாக்கும் இயந்திரத்துக்குள் முதல் நாள் முட்டையும் இருக்கும், 17-ஆம் நாள் முட்டையும் இருக்கும். வளர்ந்த கருக்கள் தாமே சூடு விடும். அந்தச் சூட்டைப் பக்கத்துத் தட்டில் இருக்கும் இளம் முட்டைகள் வாங்கிக்கொள்ளும். அந்த ஏற்பாடு எனக்கு எப்போதும் ஒரு கூட்டுக்குடும்பத்தை நினைவூட்டும்.

புதிதாக முட்டை ஏற்ற வேண்டாம் என்று அன்றே முடிவாயிற்று. ஏற்கெனவே உள்ளே இருப்பதை என்ன செய்வது என்பதில்தான் முதலாளிக்கு மனம் ஓடவில்லை. "பொறு தம்பி, நாலு நாளில் விலை திரும்பிவிடும்" என்றார். நாலு நாள் ஏழு நாளாயிற்று. அந்த ஏழு நாளும் இயந்திரங்கள் ஓடின. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நான் படித்தவன். வளர்ச்சியை நிறுத்த 4-ஆம் நாள் முட்டையைக் குளிரில் வைப்பதும் 11-ஆம் நாள் முட்டையைக் குளிரில் வைப்பதும் 18-ஆம் நாள் முட்டையைக் குளிரில் வைப்பதும் ஒன்றல்ல என்று அவரிடம் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியவன் நான்தான். நானும் விலை திரும்பும் என்று செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு நாள் கழித்து எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொன்னபோது, முதலில் 11-ஆம் நாளில் இருந்த தட்டுகள் 18-ஆம் நாளுக்கு வந்திருந்தன.

பொரிப்பகத்தின் பின்னால் குழி வெட்டியிருந்தார்கள். வயது பார்க்காமல் தட்டுத் தட்டாகக் கவிழ்த்தார்கள். மண் தள்ளும் இயந்திரம் வேறு வேலைக்குப் போயிருந்ததால் குழியை மூடுவது தள்ளிப்போயிற்று. மூன்று நாள் கழித்துக் காலையில் அக்கா என் அறை வாசலில் வந்து நின்றார். "சார், குழியில் சத்தம் கேட்கிறது."

18-ஆம் நாளில் கொட்டியவற்றுக்கு அது 21-ஆம் நாள், கோழிமுட்டை பொரிக்கும் நாள். முட்டைக் குவியல் தன் சூட்டையே போர்த்திக்கொண்டு, பகல் வெயிலையும் வாங்கிக்கொண்டு, தன் கணக்கைத் தவறாமல் முடித்திருந்தது. மேலடுக்கில் ஓடுகள் விரிசல் விட்டிருந்தன. ஈரம் காயாத குஞ்சுகள் உடைந்த முட்டைகளின் மேல் நிற்க முயன்றுகொண்டிருந்தன. அலகு நுனியில் ஓட்டைக் குத்தும் அந்தச் சின்ன வெண்பல் இன்னும் விழவில்லை. அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். நானும் இறங்கினேன். கைக்கு எட்டியவற்றைக் குஞ்சுப் பெட்டிகளில் போட்டு மேலே கொடுத்தோம். அவற்றைத் தொழிலாளர்கள் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். அடியில் இருந்தவற்றை எங்களால் எடுக்க முடியவில்லை. மேலே எடுத்த பிறகும் சத்தம் நிற்கவில்லை. பிற்பகலில் இயந்திரம் வந்தது.

அதற்கு அடுத்த ஆண்டு அந்த வேலையை விட்டேன். கோயம்புத்தூரில் வளர்ப்புப் பறவைகளுக்கு மருத்துவம் பார்க்கத் தொடங்கினேன். ஓடி ஒளிய முடியவில்லை. இங்கேயும் வேண்டாத முட்டைகளோடுதான் வருகிறார்கள்.

எந்த நாளுக்குமேல் கருவை வலி அறியும் உயிராக நடத்த வேண்டும் என்ற கோட்டை எங்கே போடுவது என்பதில் உலகம் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஆய்வுக்கூட விலங்குகளுக்கான பிரிட்டன் சட்டம் 1986-இல் பறவைக் கருவுக்குப் பாதுகாப்பை அடைகாலத்தின் பாதியிலிருந்து தொடங்கியது. 2012-இல் அதை மூன்றில் இரண்டு பங்கு என்று மாற்றியது. கோழிக்கு அது 14-ஆம் நாள். முட்டையிடாத ஆண் குஞ்சுகளைக் கொல்வதை 2022-இல் தடைசெய்த ஜெர்மனி, முட்டைக்குள்ளேயே பாலினம் கண்டறிந்து நீக்குவதற்கு 12-ஆம் நாளை எல்லையாக வைத்திருக்கிறது. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் அடைகாலத்தில் 80 விழுக்காட்டைத் தாண்டிய முட்டையை முட்டையாகவே கருதக் கூடாது, பொரித்த குஞ்சுக்கு உரிய முறையில்தான் அதன் உயிரை வலியின்றி முடிக்க வேண்டும் என்கிறது. கோழிக்கு அது 17-ஆம் நாள். நாங்கள் குழியில் கொட்டியவற்றில் அந்த எல்லையைக் கடந்தவை இருந்தன. அதற்கு முந்திய முட்டைகளுக்கும் அந்தச் சங்கம் முறை சொல்கிறது: 4 டிகிரிக்குக் கீழே 4 மணி நேரம், அல்லது உறையவைத்தல். எங்கள் குளிர் அறையின் 16 டிகிரி போதாது. வெயிலில் திறந்த குழி என்பது எந்த முறையிலும் சேராது.

என் கோடு இவர்கள் எல்லோருடையதையும்விட முந்தியது. வேண்டாம் என்றால் முட்டை சூடேறும் முன்பே வேண்டாம் என்று முடிவு செய்யுங்கள் என்கிறேன். இட்ட அன்றே எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், நின்று காத்திருந்த ஒன்று மறுபடி ஓடாமலே போகிறது. இதில் எனக்கு மனக்கலக்கம் இல்லை. கலக்கமெல்லாம் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று இரண்டு வாரம் போன பிறகு வருகிறவர்களிடம்தான்.

ஆனால் எடுத்தால் மட்டும் போதாது. ஒரு வீட்டில் காக்கட்டீல் என்னும் கொண்டையுள்ள சின்னக் கிளி ஒன்று, பெண், தனியாகவே இருந்தது. இந்தப் பறவை ஆண் இல்லாமலும் முட்டையிடும். அந்த வீட்டம்மா ஒவ்வொன்றையும் இட்டவுடன் எடுத்து எறிந்துகொண்டிருந்தார். கூட்டில் முட்டை சேராததால் அது மேலும் மேலும் இட்டுக்கொண்டே போனது. எலும்பிலிருந்த சுண்ணாம்புச் சத்தெல்லாம் ஓடாக வெளியே போய், கடைசி முட்டை சிக்கிக்கொண்டு, சிறகு தொங்க என் மேசைக்கு வந்தது. பிழைத்தது. அடுத்த முறை முட்டைகளைக் கொதிக்கவைத்து, ஆறிய பின் பென்சிலால் குறி போட்டு, திரும்பக் கூட்டிலேயே வைக்கச் சொன்னேன். மூன்று வாரம் உட்கார்ந்து பார்த்தது. பிறகு தானாகவே எழுந்து போய்விட்டது. அவித்த முட்டையானாலும் மர முட்டையானாலும் சரி, பறவை தன் கணக்கைத் தானே முடித்துக்கொள்ள இடம் கொடுப்பதுதான் முக்கியம்.

காட்டுப் பறவை என்றால் இதில் எதையும் செய்யக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குச் சொல்லும் பொருளிலேயே பறவை முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் அடங்குகின்றன. வாசல் விளக்கில் சின்னான் கூடு கட்டியிருக்கிறது என்று கேட்பவர்களிடம் ஒரு மாதம் அந்த விளக்கைப் போடாதீர்கள் என்று மட்டும் சொல்வேன். அதற்குள் முட்டை பொரித்து, குஞ்சு பறந்துவிடும்.

சென்ற மே மாதம் எங்கள் அடுக்குமாடியிலேயே, மூன்றாம் மாடியில், ஏசி இயந்திரத்தின் வெளிப்பெட்டிக்குப் பின்னால் ஒரு புறா இரண்டு முட்டையிட்டிருந்தது. பெட்டியைக் கழற்றி மாற்ற ஆள் வந்துவிட்டார். அந்த வீட்டுப் பெண் என்னைக் கூப்பிட்டார். "எடுத்துப் போட்டுவிடலாமா டாக்டர்?" என்று கேட்டார். புறா முட்டைக்கு 17, 18 நாள் கணக்கு. எப்போது இட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. பையில் எப்போதும் இருக்கும் சின்ன டார்ச்சை எடுத்து, கையைக் குவித்து, முட்டையை அதன்மேல் வைத்தேன். அகன்ற முனையில் காற்றுப்பை மட்டும் வெளிச்சமாக இருந்தது. மீதி முழுவதும் கறுப்பு. அந்தக் கறுப்பின் விளிம்பு ஒருமுறை அசைந்தது.

ஏசி பழுதுபார்க்க வந்த இளைஞர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். டார்ச்சை அவர் கையில் கொடுத்தேன். தயங்கித் தயங்கி வாங்கி, குனிந்து, நெடுநேரம் பார்த்தார். பிறகு முட்டையை எடுத்த இடத்திலேயே, எடுத்த பக்கம் மேலாக இருக்கும்படி, தானே வைத்தார். விரித்து வைத்திருந்த ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டார்.

"அக்கா, நான் அடுத்த மாதக் கடைசியில் வருகிறேன்" என்றார். அந்தப் பெண் உள்ளே போய் மேசை மின்விசிறியைத் தேடத் தொடங்கினார்.