வயசான மின்சார அணைக்கு பாதுகாப்பு ஆய்வு வந்தப்போ கூடவே அலைஞ்ச கதை

நான் வேலை பார்க்கிறது ஒரு சின்ன நீர்மின் நிலையத்துல, பழைய மண் கரை, நடுவுல வெள்ளத் தண்ணியை வெளியேத்தற கான்கிரீட் ஸ்பில்வே, ஓரமா பவர்ஹவுஸ். வெளியிலேருந்து வந்த ஆய்வுக் குழு கேக்கறதெல்லாம் எடுத்துக் குடுக்கற பொறுப்பு என் தலையில விழுந்துச்சு.

முதல்ல பேப்பர். டர்பைன்ல போல்ட் மாத்தின கணக்கு வரைக்கும் ஃபைல் இருக்கு, கரைக்குள்ள என்ன மண்ணு போட்டாங்க, எப்படி இறுக்கினாங்கனு ஒரு வரி இல்ல. துளை போட்டு மண்ணு எடுத்துப் பாக்கணும்னு குழு சொன்னதும் மேல இருக்கறவங்க முகம் சுருங்கிடுச்சு, ஆனா எனக்கு அது நியாயமாத்தான் பட்டுச்சு. அமெரிக்கால மிச்சிகன்ல ஈடன்வில் அணைனு ஒண்ணு, 5 மெகாவாட் கூட கிடையாது, வெள்ளத்தை வெளியேத்தற வசதி பத்தலைன்னு 2018-லயே லைசென்ஸை ரத்து பண்ணிட்டாங்க, அப்புறம் 2020 மே 19 மழையில உடைஞ்சப்போ தண்ணி கரை மேல ஏறி வழியவே இல்ல, உள்ள இருந்த தளர்வான மணல் திடீர்னு பலம் இழந்து கரை சரிஞ்சிடுச்சு, கீழ இருந்த சான்ஃபோர்டு அணையும் சேர்ந்து போச்சு. மெகாவாட் கம்மிங்கறதால அணை சாதுவாயிடாது.

கசிவைப் பாத்த விதம் எனக்குப் புதுசு. கசிவே இல்லாத மண் அணை கிடையாதாம். அதே நீர்மட்டத்துக்கு போன தடவையை விட கூடுதா, கலங்கி வருதாங்கறதுதான் கேள்வி. தெளிவா நிறைய வர்றதை விட கலங்கலா கொஞ்சம் வந்தா அதிகமா பயப்படணும், உள்ள மண்ணை அரிச்சு எடுத்துட்டு வருதுன்னு அர்த்தம். நமக்கு தெளிவாத்தான் இருந்துச்சு, கரை மேல வளர்ந்த மரங்களுக்குத்தான் திட்டு விழுந்துச்சு.

பெரிய சண்டை ஸ்பில்வே தண்ணியைத் திறந்து விடற கேட் விஷயத்துல. கொஞ்சம் தூக்கிக் காட்டினா போதும்னு நம்ம ஆளுங்க, முழுசா தூக்கணும், அதுவும் லைன் கரண்ட்டை நிறுத்திட்டு ஜெனரேட்டர்ல தூக்கணும்னு அவங்க. புயல்ல லைன் போனா டர்பைன் டிரிப் ஆகி தானா நின்னுடும், அது வழியா போயிட்டிருந்த தண்ணியும் சேர்ந்து கேட்டுக்குத்தான் வரும், சரியா அந்த நேரத்துல கேட்டைத் தூக்கற மோட்டாருக்கு கரண்ட் இருக்காது. ஜெனரேட்டர் என்னவோ உடனே ஸ்டார்ட் ஆச்சு, ஆனா அது இருக்கறது பவர்ஹவுஸோட கீழ்த்தளத்துல, வெள்ளம் வந்தா முதல்ல மூழ்கற இடம்! தினமும் அதைத் தாண்டித்தான் நாங்க எல்லாரும் போயிட்டு வர்றோம். ஒரு கேட் பாதியில உரசி நின்னுச்சு, ரோலர்ல துரு.

ரிப்போர்ட்ல உயர் அபாய வகைனு பாத்ததும் ஆபீஸ்ல ஒரே கலவரம். அந்த வகை அணை பலவீனம்னு சொல்றதில்லை, உடைஞ்சா கீழ எத்தனை உயிர் போகும்ங்கறதை வச்சுப் போடறது. கட்டினப்போ காலியா இருந்த இடத்துல இப்ப வீடுங்க.

ஜெனரேட்டரை மேல ஏத்தியாச்சு, ரோலரும் மாத்தியாச்சு. மண்ணு டெஸ்ட் முடிவு வர்ற வரைக்கும் நீர்மட்டத்தை இறக்கியே வைக்கணும்னு உத்தரவு, உற்பத்தி குறைஞ்சிருக்கு, அதுக்கு மீட்டிங்ல இன்னும் என்னைத்தான் முறைக்கறாங்க.