தட்டப்பயறும் சிவப்புப் பாமாயிலும்: வீட்டில் அபரா செய்வது பற்றி

கொங்கு நாட்டுச் சமையலறையில் தட்டப்பயறு என்றால் குழம்புதான். கத்தரிக்காயோடு சேர்த்துக் குழம்பு வைப்போம், மிஞ்சினால் சுண்டல் தாளிப்போம், பிஞ்சாக இருக்கும்போதே பறித்தால் தட்டைக்காய்ப் பொரியல் செய்வோம். அதற்குமேல் அந்தப் பயற்றிடம் நாம் எதையும் எதிர்பார்ப்பதில்லை. அதே பயற்றைத் தோல் நீக்கி அரைத்து, வாழையிலையில் பொதிந்து, ஆவியில் வேகவைத்து உண்ணும் வழக்கம் பிரேசிலின் வடகிழக்கிலுள்ள பாஹியா மாநிலத்தில் பல தலைமுறைகளாக இருந்து வருகிறது. அந்தச் சிற்றுண்டியின் பெயர் அபரா. இதற்கு வேண்டிய பொருள்களில் ஒன்றே ஒன்றைத் தவிர மற்ற எல்லாமே நம் வாரச்சந்தையில் கிடைக்கின்றன என்பதால், எங்கள் வீட்டில் செய்யும் முறையை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

தட்டப்பயறு ஆப்பிரிக்காவில் முதன்முதலில் பயிராக்கப்பட்டது. அங்கிருந்து மிகப் பழங்காலத்திலேயே இந்தியாவுக்கு வந்து, நம் மானாவாரிக் காடுகளில் சோளத்துக்கு ஊடுபயிராக நிலைத்துவிட்டது. மேற்கே அது சென்ற பயணம் கொடியது. அடிமைகளாகப் பிடித்துச் செல்லப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் சமையலறிவோடு சேர்ந்துதான் அது அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்தது. இன்றைய நைஜீரியாவில் யொரூபா மக்கள் இதே பயற்றை அரைத்து இலையில் கட்டி அவிக்கும் மொயின்மொயின் என்னும் உணவு அபராவுக்கு நெருங்கிய உறவு. 1549 முதல் 1763 வரை பிரேசிலின் தலைநகராக இருந்த சால்வடோர், அடிமை வணிகத்தின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாகவும் இருந்தது. அந்நகரத் தெருக்களில் உணவு விற்ற அடிமைப் பெண்கள், விற்ற பணத்தில் ஒரு பங்கை உடைமையாளருக்குக் கட்டிவிட்டு மீதியைச் சேமித்தார்கள். அவ்வாறு சேமித்த காசைக் கொண்டு தம் விடுதலையைத் தாமே விலைக்கு வாங்கியவர்களும் அவர்களில் உண்டு. பிரேசிலில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1888-இல்தான். வெண்ணிற ஆடையும் தலைக்கட்டும் மணிமாலைகளுமாகத் தெருமுனையில் அமர்ந்து விற்கும் பாஹியாப் பெண்களின் தொழிலை, 2005-ஆம் ஆண்டு அந்நாட்டு அரசு தேசிய மரபுரிமைகளுள் ஒன்றாகப் பதிவு செய்தது.

அவர்களுடைய தட்டில் அபராவுக்குப் பக்கத்தில் எப்போதும் அக்கராஜே இருக்கும். இரண்டுக்கும் ஒரே பயற்றுமாவுதான் அடிப்படை. அக்கராஜே எண்ணெயில் பொரிக்கப்படுவது. கந்தோம்பிளே என்னும், ஆப்பிரிக்க வேர்கொண்ட பிரேசில் வழிபாட்டு மரபில், புயற்காற்றின் தெய்வமான இயான்சானுக்குப் படைக்கப்படுவதும் அதுவே. ஊருக்கு வெளியே பெயர் பெற்றதும் அதுதான். ஆனால் வீட்டில் செய்வதற்கு அபராவே ஏற்றது என்பது என் கருத்து. பொரிக்கும் எண்ணெயை லிட்டர் கணக்கில் ஊற்ற வேண்டிய செலவு இல்லை என்பதோடு, மாவுக்குள்ளேயே எண்ணெயும் இறாலும் கலந்துவிடுவதால் ஒவ்வொரு வாயிலும் சுவை சமமாக நிற்கிறது.

அரைக்கிலோ பயறு எடுத்தால் ஐந்தாறு பேர் தாராளமாக உண்ணலாம். செந்நிறப் பயறு வேண்டாம். வெள்ளைத் தோலில் கருங்கண் உள்ள பயறே நல்லது. ஊறப்போடுவதற்கு முன்பே அதைத் திருகையில் இட்டு இரண்டாக உடைத்துவிட வேண்டும். திருகை இல்லாதவர்கள் மிக்சியில் போட்டு நொடிக்கு நொடி நிறுத்தி நிறுத்திச் சுற்றலாம். உடைத்த பயற்றை இரவு முழுதும் ஊறவிட்டு, காலையில் அகலமான குண்டாவில் நிறைய நீர் விட்டு இரு கைகளாலும் கசக்கினால் தோல் பிரிந்து மேலே மிதக்கும். அந்த நீரைச் சாய்த்து வடித்துவிட்டு, மறுபடி நீர் விட்டுக் கசக்க வேண்டும். கருங்கண் ஒட்டிய சிறு துணுக்குகள் கடைசிவரை அடம்பிடிக்கும்; அவற்றைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்குவதில்தான் பாதி நேரம் போகும். பொறுமையில்லாமல் தோலோடு அரைத்தால் மாவு பழுப்பாகி, வெந்தபின் நாக்கில் நறநறக்கும். தோலுடன் அரைப்பது சத்து என்று வாதிடுபவர்கள் அதை அடைக்கு வைத்துக்கொள்ளலாம்.

களைந்த பயற்றை நீர் சொட்டாதபடி நன்றாக வடியவிட்டுத்தான் அரைக்க வேண்டும். பாஹியாவில் முற்காலத்தில் இதற்கென்றே ஒரு கல் இருந்தது. அக்கல்லின் மேற்பரப்பு வழவழப்பாக இல்லாமல் உளியால் கொத்தப்பட்டிருந்ததையும், அதன்மேல் உருளைக்கல் ஒன்றை முன்னும் பின்னும் தள்ளி அரைத்ததையும் பாஹியா அறிஞர் மனுவேல் கெரினோ (1851–1923) பதிவு செய்திருக்கிறார். அம்மி கொத்தும் சத்தம் கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. புவிசார் குறியீடு பெற்ற வெட் கிரைண்டரை உலகுக்குக் கொடுத்த கோயம்புத்தூர்ப் பக்கத்தில் இருந்துகொண்டு மிக்சியை நாடுவானேன்? கிரைண்டரின் கல் மாவைச் சூடேற்றாமல் அரைக்கிறது, காற்றையும் உள்ளே சேர்க்கிறது. இரண்டு பெரிய வெங்காயத்தையும் ஒரு விரல் நீள இஞ்சியையும் பயற்றோடு சேர்த்தே போட்டுவிட்டால், அவற்றின் சாறே ஈரத்துக்குப் போதும். தனியாக நீர் விடவே கூடாது. மாவு தளர்ந்தால் இலையின் மடிப்பில் கசிந்து இட்லிப் பானைத் தண்ணீரில் கலந்துவிடும். இந்த மாவைப் புளிக்க வைப்பதும் இல்லை. அரைத்த கையோடு அடுத்த வேலைக்குப் போய்விட வேண்டும்.

கருவாட்டுக் கடையில் இறால் கருவாடு நூறு கிராம் வாங்கித் தலையையும் காலையும் கிள்ளிவிட்டு, வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்துக் கரகரப்பாகப் பொடிக்க வேண்டும். பாஹியாவில் புகையூட்டி உலர்த்திய இறாலைச் சேர்க்கிறார்கள். நம் கருவாட்டில் அந்தப் புகைமணம் இராது, உப்புதான் அதிகம். ஆகையால் பொடியை மாவில் கலந்து, ருசி பார்த்த பிறகே உப்புப் போட வேண்டும். ஒவ்வொரு பொதியிலும் வைப்பதற்கு முழு இறால்கள் சிலவற்றைத் தனியே எடுத்து, சுடுநீரில் ஊறவைத்துக்கொள்ளலாம்.

சந்தையில் கிடைக்காத அந்த ஒரு பொருள் எண்ணெய். பாஹியாவில் டெண்டே என்று வழங்கும் இது, ரேஷன் கடையில் நாம் வாங்கும் பாமாயில் வருகிற அதே மரத்தின் கனியிலிருந்து எடுக்கப்படுவதுதான். ஆனால் ரேஷன் பாமாயில் சுத்திகரிக்கப்பட்டது. களிமண் கொண்டு நிறம் நீக்கி, மிகுந்த வெப்பத்தில் நீராவி பாய்ச்சி மணத்தையும் போக்கியே அது பாக்கெட்டுக்கு வருகிறது. கனியின் செம்மஞ்சள் நிறமும், சற்றே காரலான கனத்த மணமும் கெடாமல் இருக்கும் சிவப்புப் பாமாயிலே அபராவுக்கு உரியது. இணையக் கடைகளில் ஆப்பிரிக்க நாட்டுச் சரக்கு கிடைக்கிறது. விலை கூடுதல்தான், இருந்தாலும் அரைக்கிலோ பயற்றுக்கு ஒரு சிறு டம்ளர் போதும். மார்கழிக் குளிரில் அது பாட்டிலுக்குள் உறைந்து நிற்கும், வெந்நீரில் வைத்து இளக்கிக்கொள்ளலாம். கடலை எண்ணெயில் மஞ்சள் தூளைக் கலந்து நிறத்தை ஏமாற்றும் குறிப்புகளைப் பார்த்திருக்கிறேன். ஈரோட்டு மஞ்சளின் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அப்படிச் செய்வது வேறு பலகாரம்.

எண்ணெயைச் சிறுகச் சிறுக ஊற்றி, மரக்கரண்டியால் ஒரே திசையில் அடித்துக்கொண்டே வந்தால், வெளிறிய மாவு கண்ணெதிரே சாமந்திப்பூ நிறத்துக்கு மாறும். இந்தக் கட்டத்தில்தான் அம்மாயி எட்டிப் பார்த்து, “ஏஞ்சாமி, ரெண்டு கறிவேப்பிலை கிள்ளிப் போட்டா என்ன கொறஞ்சா போயிரும்?” என்று கேட்பார். குறையாது, மணம் கூடத்தான் செய்யும். ஆனால் கறிவேப்பிலையும் சீரகமும் உள்ளே சேர்ந்தால் இறாலும் எண்ணெயும் பின்னுக்குப் போய்விடும். முதலில் அதனதன் சுவையில் உண்டு பார்த்துவிட்டு, பிறகு அவரவர் விருப்பப்படி மாற்றுவதே முறை.

வாழையிலையின் நடுநரம்பை நீக்கி, அடுப்புத் தணலில் இரு பக்கமும் வாட்டினால் கிழியாமல் மடியும். இரண்டு கரண்டி மாவை வைத்து, மேலே ஓர் இறாலைப் பதித்து, நான்கு பக்கமும் மடித்து வாழைநாரால் கட்ட வேண்டும். கட்டு இறுக வேண்டாம், மாவு வேகும்போது சற்று உப்பும். இட்லிப் பானையில் முக்கால் மணி நேரம் வேக வேண்டும். இட்லி கணக்கில் பத்து நிமிடத்தில் மூடியைத் திறந்தால் உள்ளே பச்சைமாவுதான் இருக்கும். இலையைப் பிரிக்கையில் மாவு ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் வெந்துவிட்டது என்று பொருள்.

பாஹியாவில் இதைப் பிளந்து, நடுவில் வாட்டாபா என்னும் கூழும், வெண்டைக்காயில் செய்யும் கருரு என்னும் கூட்டும், மிளகாய்க் காரமும் வைத்துத் தருகிறார்கள். வாட்டாபா ரொட்டி, தேங்காய்ப்பால், வேர்க்கடலை, முந்திரி, உலர்ந்த இறால், டெண்டே எண்ணெய் ஆகியவை சேர்ந்தது. பொள்ளாச்சித் தேங்காயும் காட்டுக்கடலையும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் அதையும் செய்யலாம். ஆனால் ஒரே நாளில் இரண்டையும் தொடங்கினால் அன்றைய பொழுது முழுதும் அடுப்படியிலேயே கழியும். வேலை நாள்களில் நாங்கள் காரமான கடலைச் சட்டினியோடு நிறுத்திக்கொள்கிறோம்.

புரட்டாசியில் கருவாடு வீட்டுக்குள் வராது. அந்த மாதத்தில் வறுத்த வேர்க்கடலைப் பொடியையும் முந்திரியையும் இறாலுக்குப் பதிலாகச் சேர்க்கிறோம். உண்ண நன்றாகவே இருக்கிறது. மீந்தவற்றை இலையோடு எடுத்துவைத்து, மறுநாள் அதே இலையோடு மீண்டும் ஆவி காட்டினால் போதும். வில்லைகளாக நறுக்கித் தோசைக்கல்லில் சிவக்கவிட்டுக் கொடுத்தால், முதல் நாள் வேண்டாம் என்று ஒதுங்கிய பிள்ளைகளும் கேட்டு வாங்கி உண்கிறார்கள்.