தொட்டபெட்டாவுக்குக் கிழக்கே

நீலகிரியில் இருக்கும் கோத்தகிரியைப் பற்றிப் பேசுவதற்கு முன் தொட்டபெட்டாவைப் பார்த்துவிட வேண்டும். 2,637 மீட்டர் உயரத்தில் அந்த மலை மேற்கே சுவர்போல நிற்கிறது. தென்மேற்குப் பருவமழை தன் பலத்தையெல்லாம் அதற்கு அந்தப் பக்கமே கொட்டிவிடும். 2019 ஆகஸ்டில் அந்தப் பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் பெய்தது 80 செ.மீ.க்கும் மேல். கிழக்குச் சரிவில் 1,793 மீட்டரில் இருக்கும் கோத்தகிரிக்கு ஆடிச்சாரல் தூறலோடு போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் வருவதுதான் மழை. இந்த ஊருக்கு நடந்த நல்லது கெட்டது இரண்டிலும் அந்தச் சுவருக்குப் பங்குண்டு.

பெயர் கோத்தர்களுடையது. நீலகிரியில் பரம்பரையாக ஏழு ஊர்களில் வாழ்பவர்கள். கொல்லு வேலை, தச்சு, மண்பாண்டம், குழலும் கொம்பும் எல்லாம் அவர்கள் கைவேலை. பதிலுக்கு மலையில் விவசாயம் செய்த படகர்களிடமிருந்து தானியம் வந்தது. சுற்றிலும் உள்ள ஊர்ப்பெயர்களைக் கவனித்தால் இடத்தின் அமைப்பும் தெரியும். ‘ஹட்டி’ என்றால் படகர் ஊர், ‘பெட்டு’ என்றால் மலை. திம்பட்டியும் கட்டபெட்டும் அப்படி வந்தவை.

வெள்ளைக்காரர்கள் முதலில் ஊட்டிக்கு வரவில்லை, இங்கேதான் வந்தார்கள். அன்று கோவையிலிருந்து மலைக்குப் புறப்படுபவர்களுக்கு அடிவாரத் தாவளம் டணாயக்கன்கோட்டை. அங்கிருந்து ஏறினால் முதலில் வருவது கிழக்குச் சரிவு. 1818இல் ஆங்கிலேய அதிகாரிகள் விஷ், கிண்டர்ஸ்லி இருவரும் வந்துபோனார்கள். 1819 ஜனவரியில் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் திம்பட்டிக்கு வந்து சேர்ந்தார். கன்னேரிமுக்கில் அவர் கட்டிய பங்களா பழுது பார்க்கப்பட்டு இன்று காட்சியகமாக இருக்கிறது. அடிவாரத்துச் சிறுமுகையிலிருந்து மேலே ராணுவ அதிகாரி மெக்பர்சன் போட்ட பாதை 1823இல் முடிந்தது. நீலகிரிக்கு அதுவே முதல் வாசல்.

வாசல் சீக்கிரமே மாறியது. சல்லிவன் ஊட்டிக்குக் குடிபோனார். 1830களில் குன்னூர் மலைப்பாதை திறந்ததும் வண்டிகள் அந்தப் பக்கம் திரும்பின. 1899இல் ரயில் குன்னூர் வரை, 1908இல் ஊட்டி வரை போனது. கோத்தகிரிக்கு வரவே இல்லை. ஊர் சின்னதாகவே நின்றதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரிந்து இல்லை. இப்போதும் மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கி.மீ. பஸ் பயணம்தான். சுமார் 1,450 மீட்டர் ஏற்றம். ஆனால் குன்னூர் பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகள் போல வயிற்றைக் கலக்காது.

கோத்தகிரிப் பாதையில் கார்த்திகையில் வருவதானால் பகலில் வாருங்கள். 2009 நவம்பரில் நீலகிரியில் மண்சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். ‘மழை அதிகம், அதனால் சரிந்தது’ என்று சொல்லிவிட்டுப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. அடியில் கெட்டியான சார்னோகைட் பாறை. அதன்மேல் தடிமனான செம்மண். தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிப் பாறையில் முட்டி நிற்கும். மேல்மண் கனத்துப்போய் வழுக்கும். அந்த நேரத்தில் சரிவின் அடியை ஜேசிபி வைத்து நேர்க்குத்தாக வெட்டியிருந்தால் மேலே இருப்பதைத் தாங்க எதுவும் இல்லை. தடுப்புச்சுவர் கட்டுகிறார்கள், தண்ணீர் வடியத் துளை விடுவதில்லை. சுவருக்குப் பின்னால் தேங்கும் நீரே சுவரைத் தள்ளிவிடும். ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகும் சிறுபாலத்தில் குப்பை அடைத்தால் ஓடை வேறு வழி தேடும், அது பெரும்பாலும் கீழ்வீட்டுக் கொல்லை. முன்கூட்டியே தெரியும் அடையாளங்கள் உண்டு: தோட்டத்துச் சவுக்கு (சில்வர் ஓக்) மரங்கள் ஒரே பக்கம் சாய்வது, கதவு திடீரென்று இறுகுவது, தரையில் பிறை வடிவ வெடிப்பு, தெளிந்த ஊற்று கலங்கி வருவது. இதில் ஒன்றைப் பார்த்தாலும் அன்றிரவு அந்த வீட்டில் படுக்கக் கூடாது.

சோலைக்காடு இருக்கிற சரிவில் மழைநீர் மெல்ல இறங்கி மெல்லவே வெளியே வரும். ஊரை ஒட்டிய லாங்வுட் சோலை வெறும் 116 ஹெக்டேர். கீழேயுள்ள ஊர்கள் குடிப்பது அதன் தண்ணீரைத்தான். 2024இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. மற்ற சரிவுகளில் கண்ணுக்கெட்டிய வரை தேயிலை. சிறுவிவசாயி ஏறக்குறைய நாலரை கிலோ பச்சை இலை கொடுத்தால்தான் ஒரு கிலோ தூள் வரும்.

கடைசியாக கோடநாடு காட்சிமுனை. கீழே மாயாறு, எதிரே ரங்கசாமி தூண் என்ற பாறை, தூரத்தில் பவானிசாகர் நீர்த்தேக்கம். 1955இல் அணை முடிந்தபோது டணாயக்கன்கோட்டை அந்த நீருக்குள் போனது. நீர்மட்டம் நன்றாக இறங்கும் கோடையில் அங்கிருந்த மாதவராயப் பெருமாள் கோயில் வெளியே தெரியும். காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் எழுந்து எல்லாவற்றையும் மூடிவிடும்.