விலாவிலிருந்து முளைத்த கை

ஐந்தாவது வாரம். பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர் வரைந்த தோசோன்வில் சீமாட்டியின் படத்தைப் பார்த்துப் பிரதி எடுக்கிறேன்; சீமாட்டி இன்னும் என் ஈஸலில்தான் நிற்கிறார். சீமாட்டியின் 27 வயதில் அவரை இந்த நீலப் பட்டுக் கவுனோடு ஆங்க்ர் வரைந்து முடித்தது 1845-இல். ஆரம்பித்தது 1842. ஆங்க்ருக்கே மூன்று வருஷம் என்றால் எனக்கு ஐந்து வாரம் தாமதமே இல்லை.

மூலப் படம் நியூயார்க்கில் உள்ள கலைக்கூடமான ஃப்ரிக் கலெக்‌ஷனில் இருக்கிறது. சுமார் 132 செ.மீ. உயரம், 92 அகலம். விகிதம் கெடாமல் இருக்க 20-க்கு 14 அங்குலத்தில் கான்வாஸ் சட்டம் அடித்து வாங்கினேன். பிரின்ட்டில் கட்டம் போட்டு, பென்சிலில் ஏற்றி, பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பில் நிழல் மட்டும் போட்டேன். அதுவரை சிக்கல் இல்லை.

சிக்கல் வலது கையில் வந்தது. வயிற்றுக்குக் குறுக்கே போய் இடது முழங்கையைத் தாங்குகிற கை. அது தோளிலிருந்து வரவே இல்லை, விலாவிலிருந்து முளைக்கிறது! ஸ்கேல் வைத்துப் பார்த்தும் அப்படித்தான். சரி, நாம் திருத்திவிடலாம் என்று (என்ன திமிர்!) கையை மேலே ஏற்றினேன். கை சரியாகிவிட்டது, ஆள் கெட்டுவிட்டார். கழுத்திலிருந்து தோள் வழியாக வழுக்கிக்கொண்டு இறங்கும் அந்தக் கோடு உடைந்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி விறைத்து நின்றார். பாலட் கத்தியால் முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டு, பழைய இடத்திலேயே கையைப் போட்டேன்.

அப்புறம் கவுன். அல்ட்ராமரைன் நீலத்தில் வெள்ளையைக் கலந்ததும் பள்ளிச் சீருடை நீலம்தான் வந்தது. அம்பர் ஊசி முனையளவு சேர்த்த பிறகு சாம்பல் ஓடிய அந்த நீலம் கிடைத்தது. மடிப்புகளை ஈரத்திலேயே குழைத்ததால் பட்டு கம்பளியாகிவிட்டது. இரண்டு நாள் காயவிட்டு, இருட்டின் ஓரத்தைக் கூர்மையாக வெட்டி, பக்கத்திலேயே வெளிச்சத்தை ஒரே இழுப்பில் வைத்தேன். இப்போது பரவாயில்லை, பட்டு என்று சொன்னால் நம்பலாம்.

கன்னத்தில்தான் இன்னும் பிரஷ் தடம் தெரிகிறது. ஆங்க்ரிடம் அது பீங்கான் மாதிரி வழவழவென்று இருக்கும். காய்ந்த மென்பிரஷால் தடவித் தடவிப் பார்த்ததில் மூக்கின் நிழல்தான் கலைந்தது.

பின்னால் இருக்கும் கண்ணாடியில் பிடரியையும் தலையின் சிவப்பு ரிப்பனையும் நேற்று போட்டேன். கண்ணாடி இருக்கிற இடத்துக்கு அந்தப் பிம்பம் அங்கே விழவே விழாது. இந்த முறை ஸ்கேலை எடுக்கவில்லை.