லே-பை போன கொலை வழக்கு மறுபடி மேசைக்கு வந்த விதம்

இதில் கொலைகாரன் பிடிபட்ட கதை இல்லை. அதை எதிர்பார்த்து வாசிக்கிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். என் அத்தான் (அக்காவின் கணவர்) 2014இல், கொழும்பு வெள்ளவத்தையில் தன் கொம்யூனிகேஷன் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு நடந்து வரும்போது, ஒழுங்கைக்குள் வைத்துக் குத்திக் கொல்லப்பட்டார். சட்டைப் பையில் அன்றைய வியாபாரக் காசு அப்படியே இருந்தது. போனை மட்டும் காணவில்லை. யார் செய்தார்கள் என்று இன்றைக்கும் தெரியாது. ஆனால் கிடப்பில் போட்டிருந்த வழக்கு இப்போது மறுபடியும் நீதவான் முன்னால் கூப்பிடப்படுகிறது. அந்த இடம் வரைக்கும் எப்படி வந்தோம் என்று இரண்டு மூன்று குடும்பங்கள் என்னிடம் கேட்டபடி இருப்பதால், எழுதி வைப்பது எல்லோருக்கும் சுகம் என்று பட்டது.

தொடக்கத்தில் எல்லாம் வேகமாகத்தான் நடந்தது. மரண விசாரணை, பிரேதப் பரிசோதனை, கேள்வி மேல் கேள்வி. பிறகு பொறுப்பதிகாரி மாற்றலாகிப் போனார். வந்தவர் முதலிலிருந்து கேட்டார். அவரும் போனார். ஒழுங்கை முனையில் இருந்த நகைக்கடைக் கமராவைப் பார்க்கப் போனபோது பழைய பதிவின் மேல் புதியது ஏறி முடிந்திருந்தது. கடைசியில் ஒருநாள் நிலையத்தில் இருந்த ஒருவர் அக்காவிடம், "இது முடிஞ்ச கேஸ்தானே, நங்கி" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அக்கா அதை நம்பிவிட்டாள். நாங்களும்தான்.

கேஸ் முடியவில்லை. சந்தேகநபர் இல்லாத கொலையில் பொலிஸார் நீதவான் நீதிமன்றத்தில், விசாரணையைத் தெரிவிக்கும் பி அறிக்கை தாக்கல் செய்வார்கள். அதற்கு ஓர் இலக்கம் விழும். தவணைக்குத் தவணை "விசாரணை நடக்கிறது" என்று அறிக்கை போகும். நீண்ட காலம் ஒன்றும் நகராவிட்டால் வழக்கை ஒதுக்கி வைப்பார்கள். கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் இதற்கு எல்லோரும் சொல்வது 'லே-பை'. லே-பை போட்டால் மூடியதாக அர்த்தம் கிடையாது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 456ஆம் பிரிவுப்படி, மற்றக் குற்றங்களுக்குப் பொதுவாக 20 வருட எல்லை உண்டு. கொலைக்கும் தேசத் துரோகத்துக்கும் எல்லையே இல்லை. இதை எனக்குச் சொன்னவர் ஒரு சட்டத்தரணியின் லிகிதர், தேத்தண்ணீர்க் கடையில் வைத்து. நாலு வருடமாக எங்களுக்கு இது தெரியாது.

சரி, எங்கிருந்து தொடங்குவது? பி இலக்கத்திலிருந்து. அது கையில் இல்லாவிட்டால் எந்தக் கந்தோரிலும் உங்களோடு பேசமாட்டார்கள். எங்களிடம் இருந்தது அக்கா பிரிட்ஜ் மேல் வைத்திருந்த ஒரு துண்டுக் கடதாசியில் யாரோ கிறுக்கியிருந்த இலக்கம். அதுவும் வருடம் இல்லாமல். மரண அத்தாட்சிப் பத்திரத்தில் இருந்த திகதியை வைத்து நீதிமன்றப் பதிவறையில் தேடுவித்தோம். கிடைத்ததும் முழு வழக்கேட்டுக்கும் அத்தாட்சிப்படுத்திய பிரதி கேட்டு விண்ணப்பித்தோம். சட்டத்தரணி மூலம் கேட்பது சுலபம். காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம். வருமானத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். கிராம சேவகரின் கடிதத்தையும் கொண்டு போனால் நல்லது.

பிரதி கைக்கு வந்த இரவு, நானும் அக்காவும் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து வாசித்தோம். எல்லாம் சிங்களத்தில். எனக்குப் புறக்கோட்டையில் கணக்கெழுதும் வேலை, சிங்களம் வாசிப்பேன். அக்காவுக்குப் பேசத்தான் வரும். அவள் கொடுத்த வாக்குமூலமே சிங்களத்தில்தான் இருந்தது; கீழே அவளுடைய தமிழ்க் கையெழுத்து. நான் வாசித்துச் சொல்லச் சொல்ல, "நான் இப்பிடிச் சொல்லேல்லையே" என்று இரண்டு இடத்தில் நிறுத்தினாள். ஒன்று பெரிய விஷயமில்லை. மற்றது, அத்தான் கடை பூட்டும் நேரம். அவள் சொன்னதும் எழுதியிருந்ததும் ஒரு மணித்தியாலம் வித்தியாசம். அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் அரச அதிகாரிகளோடு தமிழில் கருமமாற்றும் உரிமையைத் தருகிறது, கொழும்பிலும்தான். புருஷனின் இரத்தம் காயாத சேலையோடு வாங்கில் இருப்பவள் அரசியலமைப்பைத் தூக்கிக் காட்டுவாளா? கூடப் போகிறவர்கள்தான் கேட்க வேண்டும். தமிழ் தெரிந்த ஒருவர் வரும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள், வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்க விடாதீர்கள்.

வாசித்ததில் இன்னொன்றும் வெளியே வந்தது. போன் காணாமல் போனது என்று எழுதியிருந்ததே தவிர, ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள ஐ.எம்.இ.ஐ. இலக்கம் எந்த அறிக்கையிலும் இல்லை. அக்கா எழும்பிப் போய் அலுமாரியின் மேல்தட்டிலிருந்து அந்தப் போன் வந்த பெட்டியை எடுத்து வந்தாள். உத்தரவாத அட்டை, ஒரு தடவையும் பாவிக்காத காதுக் குழாய், பெட்டியின் பக்கவாட்டில் பட்டைக்கோட்டுக்குக் கீழே 15 இலக்கங்கள். யாரும் அவளிடம் கேட்கவில்லை. அவளுக்கும் அது தேவைப்படும் என்று தெரியவில்லை. அந்த இலக்கம் இருந்தால், நீதிமன்றக் கட்டளையோடு, அந்தக் கருவியில் பிறகு எந்த சிம் போடப்பட்டது என்று தொலைபேசிக் கம்பெனிகளிடம் கேட்கலாம். வருடங்கள் கழித்து என்ன கிடைக்கும் என்பது வேறு கதை. ஆனால் நீதவானிடம் போய்க் கேட்பதற்கு எங்களுக்கு ஒரு விஷயம் கிடைத்துவிட்டது.

அதற்கு முன் தகவலறியும் சட்டத்தைப் பாவித்தோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தகவல் அதிகாரி சொல்லியாக வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு மேன்முறையீடு, அதன் பிறகு ஆணைக்குழு. விசாரணையைக் கெடுக்கக்கூடிய தகவலை அவர்கள் மறுக்கலாம், அது சட்டத்திலேயே இருக்கிறது. ஆகவே எங்கள் கேள்விகளை வேறு மாதிரி அமைத்தோம். இரசாயனப் பகுப்பாய்வு அறிக்கை என்ன சொல்கிறது என்று கேட்கவில்லை. தடயப் பொருட்கள் அரச இரசாயனப் பகுப்பாய்வாளருக்கு எந்தத் திகதியில் அனுப்பப்பட்டன, அறிக்கை எந்தத் திகதியில் வந்தது, நீதிமன்றத்துக்கு எந்தத் திகதியில் போனது என்று மட்டும் கேட்டோம். இப்போது விசாரணைக்குப் பொறுப்பாக இருக்கும் அதிகாரியின் பதவிநிலையையும் கேட்டோம். திகதிகளை மறைக்க யாருக்கும் நியாயம் கிடைக்கவில்லை. பதில் வந்தது. அறிக்கை வந்த திகதி இருந்தது. நீதிமன்றத்துக்குப் போன திகதிக்கு எதிரே ஒரு சின்னக் கோடு. என்னைக் கேட்டால், முழு அலைச்சலிலும் பெறுமதியான கடதாசி அதுதான்.

அந்தப் பதிலையும் பெட்டியின் படத்தையும் இணைத்து, வழக்கைத் திரும்பக் கூப்பிடும்படி எங்கள் சட்டத்தரணி நகர்த்தல் பத்திரம் போட்டார். நீதவான் பொலிஸாரிடம் முன்னேற்ற அறிக்கை கேட்டார். விசாரணை வேறொரு பிரிவுக்கு மாறியது. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2015இல் வந்த 4ஆம் இலக்கச் சட்டமும், அதன் இடத்துக்கு 2023இல் வந்த 10ஆம் இலக்கச் சட்டமும் குடும்பத்தையும் பாதிக்கப்பட்டவராகத்தான் பார்க்கின்றன. விசாரணை எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்பது உங்கள் உரிமை. அதற்கென ஒரு தேசிய அதிகார சபையும் இருக்கிறது. சாட்சிக்கு மிரட்டல் வந்தால் அங்கே போகலாம்.

இனி வெளியே சொல்வது. ஊர் வாயைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். செத்த வீட்டிலேயே தொடங்கிவிட்டது. "சும்மா வந்து குத்துவாங்களே?" என்று பந்தலுக்குள் இருந்து ஒருவர் கேட்டது அக்காவின் காதில் விழுந்தது. கடன் என்றார்கள், பொம்பிளை விஷயம் என்றார்கள், பழைய இயக்கத் தொடர்பு என்றார்கள். மகள் பள்ளிக்கூடத்தில் இரண்டு தவணை யாரோடும் பேசவில்லை. கொலையை விட இதுதான் அந்த வீட்டைக் கூடுதலாகத் தின்றது என்று நான் நினைக்கிறேன். அதனால் அக்கா வருடக்கணக்காக எதையும் பகிரங்கமாகச் சொல்ல விடவில்லை.

வழி கிடைத்தது ஐந்தாம் வருடத் திவசத்தின்போது. எங்கள் ஆட்கள் தமிழ்ப் பத்திரிகையில் நினைவஞ்சலிப் பக்கத்தைத் தலைப்புச் செய்திக்கு முன்னால் பார்க்கிறவர்கள். வழக்கமான "ஆண்டுகள் ஐந்து ஆனாலும்" கவிதைக்குப் பதிலாக, படத்துக்குக் கீழே நாலு வரி போட்டோம். இன்ன திகதி, இன்ன வீதி, இரவு இத்தனை மணி, காணாமல் போன போனின் நிறமும் மாதிரியும். இந்தக் கொலை இன்னும் விசாரணையில் இருக்கிறது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று ஒரு வரி. வீட்டு நம்பரைப் போடவில்லை, சட்டத்தரணியின் நம்பரைப் போட்டோம். அது நல்லதாய்ப் போயிற்று. குடித்துவிட்டு எடுத்தவர்களும், சாத்திரம் பார்த்துச் சொல்கிறேன் என்று காசு கேட்டவர்களும் அவரிடம்தான் போனார்கள். அவற்றுக்கு நடுவே உண்மையான அழைப்பு ஒன்றும் வந்தது. அன்றிரவு அந்த ஒழுங்கையால் போன ஒருவர். இப்போது வெளிநாட்டில் இருக்கிறார், விடுமுறையில் வந்திருந்தபோது பத்திரிகையைப் பார்த்திருக்கிறார். அவர் சொன்ன நேரம் அக்கா சொன்ன நேரத்தோடு ஒத்தது. வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். அதற்கு மேல் இங்கே எழுத முடியாது.

பேஸ்புக்கைப் பற்றி வீட்டுக்குள் பெரிய சண்டை. மருமகனுக்கு ஒருவன் மேல் சந்தேகம். படத்தோடு போடப் போகிறேன் என்று நின்றான். சட்டத்தரணி கூப்பிட்டு இருத்திச் சொன்னார்: நாளைக்கு அவன்தான் ஆள் என்று வைத்துக்கொள், அடையாள அணிவகுப்பில் சாட்சி அவனைக் காட்டினால் எதிர்த்தரப்பு என்ன கேட்கும்? "இந்த முகத்தை பேஸ்புக்கில் பார்த்தீர்கள்தானே?" அவ்வளவுதான், சாட்சியத்தின் பெறுமதி போய்விடும். அவன் ஆளே இல்லையென்றால் மானநஷ்ட வழக்கு. பையன் விட்டுவிட்டான். நடந்ததைச் சொல்லலாம், கேட்கலாம், இன்ன திகதிக்கு வழக்கு என்று அறிவிக்கலாம். ஆள் பெயரைப் பொலிஸிடம் எழுத்தில் கொடுத்துவிட்டுப் பிரதியை வைத்திருங்கள்.

பெயர் தெரிந்தவர்களின் வழக்குகளே எப்படிப் போயின என்று பார்த்தால் எங்கள் பொறுமைக்கு ஓர் அளவுகோல் கிடைக்கும். 2012 மே மாதம் நாரஹேன்பிட்டியில் இறந்த ரக்பி வீரர் வசீம் தாஜுதீனின் மரணத்தை முதலில் வாகன விபத்து என்றார்கள். 2015 ஆகஸ்டில்தான் உடலைத் தோண்டியெடுத்துத் திரும்பப் பார்த்தார்கள். பாராளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் 2006 நவம்பர் 10ஆம் திகதி கொழும்பில் பட்டப்பகலில் சுடப்பட்டார். பத்து வருடம் கழித்து வழக்கு முடிந்தபோது குற்றஞ்சாட்டப்பட்டவர்களை ஜூரிகள் விடுதலை செய்தார்கள். பம்பலப்பிட்டியில் 2005 ஏப்ரலில் கடத்திக் கொல்லப்பட்ட ஊடகவியலாளர் சிவராமின் பெயரை வருடத்துக்கு ஒருமுறையாவது கேட்கிறோம், கேட்கிறவர்கள் இருப்பதால். காணாமல் ஆக்கப்பட்ட ஊடகவியலாளர் பிரகீத் எக்னெலிகொடவின் மனைவி சந்தியா 2022 ஜனவரியில் முகத்துவாரம் காளி கோயிலில் தலையை மழித்து நீதி கேட்டார். அன்றைக்கு டீவியில் அதைப் பார்த்துவிட்டு அக்கா, "அந்த மனிசிக்கு இருக்கிற துணிவில கால்வாசி எனக்கு இருந்தாக் காணும்" என்றாள். அடுத்த தவணையிலிருந்து அவளும் கோட்டுக்கு வரத் தொடங்கினாள்.

அதுவரை நான் மட்டும்தான் போய்க்கொண்டிருந்தேன். அவள் வந்த பிறகு வித்தியாசம் தெரிந்தது. வழக்கைக் கூப்பிட்டதும் எங்கள் சட்டத்தரணி, "இறந்தவரின் மனைவி மன்றில் இருக்கிறார்" என்று சொல்வார். அவள் எழும்பி நிற்பாள். முன்னேற்ற அறிக்கையில் வழக்கமான ஒற்றை வரியை வாசிக்க வந்த அதிகாரிக்கு அதை வாசிப்பது கொஞ்சம் கஷ்டமாகிவிடும். நாங்கள் இப்போது மற்றக் குடும்பங்களோடும் இப்படிப் போய் நிற்கிறோம். எங்களுக்கு அமைப்பும் இல்லை, பெயரும் இல்லை, ஒரு வட்ஸ்அப் குழு மட்டும். யாருடைய தவணை என்றாலும் இரண்டு பேராவது கூட இருப்போம். சிங்களம் வராதவர்களுக்கு முதலியார் (நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்) சொல்வதை மெதுவாக விளக்குவோம். வெளியே வந்ததும் அடுத்த திகதியைக் கொப்பியில் எழுதுவோம். இரவில் நித்திரை வராமல் எடுக்கிறவர்களோடு அக்கா பேசுவாள். அவளுக்கும் மேலே போனால் 1926ஐ எடுக்கச் சொல்வாள். அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், அந்த இலக்கத்தில் அவளே ஒரு காலம் பேசியிருக்கிறாள்.

புதுக்கடைக்கு முதல்முறை வருகிறவர்கள் நேரத்தோடு வாருங்கள். 2025 பெப்ரவரி 19ஆம் திகதி பாதாள உலகக் குழுத் தலைவன் கணேமுல்ல சஞ்சீவவை நீதிமன்றத்துக்குள்ளேயே வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். சுட்டவன் சட்டத்தரணி போல வந்தவன்; துப்பாக்கியைக் குடைந்த புத்தகத்துக்குள் வைத்து உள்ளே கொண்டுவந்திருந்தார்கள். அதன் பிறகு வாசல் சோதனை இறுக்கம். அடையாள அட்டையைக் கையிலேயே வைத்திருங்கள், போனை உள்ளே போகுமுன் நிறுத்திவிடுங்கள். பைலில் மூலப்பிரதி வேண்டாம், போட்டோக்கொப்பி போதும். வாசலில் தடுமாறினால் வட்ஸ்அப்பில் ஒரு செய்தி போடுங்கள். அன்றைக்கு எங்களில் யாருக்காவது தவணை இருந்தால் வெளியே வந்து கூட்டிப் போவோம்.